ரிசப்ஷனில் டிஜே, போட்டோ பூத்: 800 பேர் வரும் மண்டபத்துக்கு எது பொருந்தும்?

தை மாதம் ஈரோட்டில் தங்கைக்குக் கல்யாணம். முந்தின நாள் மாலை 6.30க்கு ரிசப்ஷன், 800 பேரை எதிர்பார்க்கிறீர்கள். ஈவென்ட்காரர் நான்கு மணி நேர டிஜே, போட்டோ பூத், 360 வீடியோ (ஆளைச் சுற்றி வரும் கையில் கேமரா), கோல்டு பைரோ (cold pyro, மேடையில் பொறி வீசும் கருவி) எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கொடுத்திருக்கிறார். அப்பா நாதஸ்வரம் போதும் என்கிறார், தங்கை டிஜே கட்டாயம் வேண்டும் என்கிறாள். இந்தக் காசுக்கு இது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தால் காசைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவின் கூட்டமும் தங்கையின் கூட்டமும் ஒரே மண்டபத்தில் ஒரே மாலையில் மனக்கசப்பு இல்லாமல் இருந்துவிட்டுப் போக வழி உண்டா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. வழி உண்டு. அதற்கு முதலில் நேரத்தைக் கணக்குப் போட வேண்டும். பேக்கேஜை அப்புறம் பார்க்கலாம்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் 24 வருடமாகச் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். அப்பா காலத்தில் கூம்பு ஸ்பீக்கரும் மைக் செட்டும் சைக்கிளில் போனது, இப்போது மினி லாரியில் போகிறது. எட்டு வருடமாக இரண்டு போட்டோ பூத்தும் வைத்திருக்கிறேன். நான் சொல்வது பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பார்த்தது. கடற்கரை ரிசார்ட்டில் 150 பேருக்கு நடக்கும் கல்யாணம் வேறு மாதிரி, அதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கணக்கு. 800 பேர் என்றால் குடும்பம் குடும்பமாக ஏறக்குறைய 200 குழுக்கள் மேடை ஏறும். ஒரு குழு ஏறி, கவரைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசி, போட்டோவுக்கு நின்று, இறங்க 40 நொடி என்று வையுங்கள். இது நான் குறைத்துச் சொல்லும் அளவு, வயதானவர்கள் ஏறும்போது ஒரு நிமிடம் தாண்டிவிடும். 200 குழுவுக்கு 8,000 நொடி, அதாவது 2 மணி 13 நிமிடம். அழைப்பிதழில் 6.30 என்று போட்டாலும் மேக்கப் முடிந்து பொண்ணு மேடைக்கு வர ஏழு ஆகும். வரிசை முடியும்போது 9.15. அதுவரை மாப்பிள்ளையும் பொண்ணும் மேடையை விட்டு அசைய முடியாது. யாருக்காக டிஜே வைக்கிறீர்களோ அந்த இரண்டு பேருமே கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் இறங்காமல் நண்பர்களும் ஆட மாட்டார்கள், ஆடினாலும் பத்துப் பேர் ஒரு மூலையில் ஆடுவார்கள்.

அடுத்தது முடிக்கும் நேரம். பத்து மணிக்கு நிறுத்துங்கள் என்று சொல்வதற்குச் சட்டத்துக்கு முன்னாலேயே ஒரு காரணம் இருக்கிறது. மறுநாள் அதிகாலை முகூர்த்தம் என்றால் பொண்ணு மூன்று மணிக்கு எழுந்து தலை பின்ன உட்கார வேண்டும். மண்டபத்து அறைகளில் படுத்திருக்கும் உறவுக்காரர்களும் சமையல் ஆட்களும் கொஞ்சமாவது தூங்க வேண்டும். கொங்குப் பக்கத்தில் ராத்திரியே சீர் தொடங்கும் குடும்பங்கள் உண்டு, உங்கள் வீட்டில் எப்படி என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆக 9.15 முதல் 10 வரை, ஆட்டத்துக்கு உங்களிடம் இருப்பது 45 நிமிடம். நான்கு மணி நேர டிஜே என்று வாங்குவதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரும் ஆடாத நேரம். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது நல்ல சவுண்டும், மெல்லிய இசையும், மைக்கில் பதமாகப் பேசத் தெரிந்த ஒருவரும்தான். இதை ஈவென்ட்காரரிடம் இப்படியே சொல்லிப் பேரம் பேசலாம்: சவுண்ட் நான்கு மணி நேரம், டிஜே ஒரு மணி நேரம்.

அப்பாவின் பங்கு இங்கே இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 6.15 முதல் 7.15 வரை வாசலில் நாதஸ்வரம், தவில். நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதியில் மைக் இல்லாமல் ஊரையே எழுப்புகிற வாத்தியங்கள். அவற்றை ஏசி ஹாலுக்குள் உட்கார வைத்து மைக்கும் கொடுப்பது வாசிக்கிறவர்களுக்கும் நல்லதல்ல, கேட்கிறவர்களுக்கும் நல்லதல்ல. வாசலில் வைத்தால் வருகிறவர்களை வரவேற்கும், உள்ளே இதமாகக் கேட்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது அந்த மேளமே முன்னால் நடந்து வரட்டும். சமீபத்தில் பல கல்யாணங்களில் இந்த உள்வருகைக்குச் செண்டை மேளமும் பெரிய ஸ்பீக்கரில் பாட்டும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். இரண்டும் மோதிக்கொண்டு எதுவும் கேட்பதில்லை. ஒன்றைத்தான் வைக்க வேண்டும்.

மேடை வரிசை நடக்கிற இரண்டு மணி நேரத்தில் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டையே வருகிறது. ஒருவருக்கு ஒருவர் ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசும் சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். இசை 70ஐத் தொட்டால் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசலாம். 85ஐத் தாண்டினால் கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடமும் கத்த வேண்டும். பத்து வருடம் கழித்துச் சந்திக்கிற சித்தப்பாவும் அத்தையும் பேசிக்கொள்ளத்தான் ரிசப்ஷனுக்கு வருகிறார்கள். இன்னொரு இடமும் உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை: மொய் எழுதும் மேசை. பெயரும் ஊரும் காதில் சரியாக விழாவிட்டால் நோட்டில் தப்பாக ஏறும், ஐந்து வருடம் கழித்துத் திருப்பிச் செய்யும்போது அது மனத்தாங்கலாக வந்து நிற்கும். ஒரு கல்யாணத்தில் மொய் மேசைக்குப் பக்கத்திலேயே எங்கள் பையன்கள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்கள். எழுத உட்கார்ந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார், பாதிப் பெயர்களில் அடித்தல். அன்றிலிருந்து மண்டபத்துக்குள் போனதும் நான் முதலில் கேட்பது மொய் மேசை எங்கே என்பதுதான்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று டிஜேக்கள் சொல்வார்கள். மேடையின் இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கரை மட்டும் வைத்தால் அவர்கள் சொல்வது உண்மைதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் சுவரில் பட்டுத் திரும்புவதால் அவ்வளவு குறையாது, ஆனால் கிரானைட் தரையும் கண்ணாடியும் உள்ள ஹாலில் அந்த எதிரொலியே வார்த்தையைக் குழப்பிவிடும். முன்வரிசைக்குக் காது வலிக்கும், கடைசி வரிசைக்கு ஒன்றும் புரியாது. இதற்கு வழி, ஹாலின் நடுவில் இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர்கள் வைத்து எல்லாவற்றையும் குறைவான சத்தத்தில் ஓட விடுவது. ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் எடுக்கும். அதனால் 40 அடி தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்குச் சுமார் 35 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால் இரண்டு சத்தமும் சேர்ந்து வரும். இன்றைய டிஜிட்டல் கன்சோல்கள் (சவுண்டைக் கட்டுப்படுத்தும் மேசைகள்) பெரும்பாலானவற்றில் இந்த வசதி உண்டு. உங்கள் ஈவென்ட்காரரிடம் "நடு ஹாலுக்கு டிலே ஸ்பீக்கர் வைப்பீர்களா" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் வேலை தெரிந்த சவுண்ட் ஆள் அவரிடம் இருக்கிறார்.

ஆட்டத்துக்கு மேடைக்கு முன்னால் நான்கைந்து வரிசை நாற்காலியை 9 மணிக்கு எடுத்துவிடுங்கள். அந்த இடத்தைப் பார்த்தபடி இரண்டு டாப் (குரலும் பாட்டும் வரும் ஸ்பீக்கர்), இரண்டு பேஸ் (அடி அதிர்வு தரும் பெட்டி). ஸ்பீக்கரின் முகம் ஆடுகிறவர்களைப் பார்க்க வேண்டும், சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்கக் கூடாது. பேஸ் பெட்டியைச் சுவர் மூலையில் தள்ளினால் அதன் சத்தம் தானாகவே கூடிவிடும், அடுத்த வீட்டுச் சுவரும் அதிரும். ஆடும் இடத்தில் 94, 95 டெசிபல் தாராளமாகப் போதும், உடம்பு ஆடாமல் நிற்காது. இந்த எண்ணைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். ஆக 95 வரை உங்கள் 45 நிமிடத்துக்குச் சரியாக ஒத்துவருகிறது. கேளிக்கை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரத்தில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. இவையெல்லாம் பெரியவர்களின் காதுக்குப் போட்ட கணக்கு. கைக்குழந்தையை அந்த நேரத்தில் ஸ்பீக்கர் பக்கம் விடவே விடாதீர்கள், அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். போனில் இருக்கும் டெசிபல் செயலி தோராயமான அளவைத்தான் காட்டும், பேஸை அது குறைத்தே காட்டும். ஆனாலும் ஹாலில் 70க்கும் 90க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

சட்டத்தில் உறுதியாகத் தெரிந்தவை இவை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குகள், சமுதாயக் கூடங்கள், விருந்துக் கூடங்களுக்குள் இருப்பவர்களுக்காக ஒலிப்பதற்கு மட்டும் விலக்கு இருக்கிறது. 2005 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பத்து மணிக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியது. குடியிருப்புப் பகுதிக்கு விதித்த அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. தனியார் இடம் என்றால் அதன் எல்லையில் இந்த அளவுக்கு மேல் 5 டெசிபல் வரைதான் போகலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மண்டப மேலாளர் வாங்குவாரா, நீங்கள் வாங்க வேண்டுமா என்பதை இப்போதே தெளிவுபடுத்துங்கள். உங்கள் மண்டபம் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, பாதி ஷெட் போட்டிருக்கிறது என்றால் அது மூடிய கூடமாக எண்ணப்படுமா என்பது விவாதத்துக்குரியது. அந்த விவாதத்தை இரவு 10.20க்கு ரோந்து வந்த எஸ்ஐயுடன் வாசலில் நின்று நடத்தும் நிலை பொண்ணு வீட்டாருக்கு வரக் கூடாது. ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பொண்ணின் அப்பா தலை குனிந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பாட்டு ராயல்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கடைசி நேரத்தில் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில் மதச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு கொடுத்து, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையும் கல்யாண நிகழ்ச்சிகளுக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டது. இது வரை உறுதி. ஆனால் இசை நிறுவனங்கள் இதை நீதிமன்றங்களில் எதிர்த்து வந்திருக்கின்றன. ஓட்டலில் நடக்கும் ரிசப்ஷன் இந்த விலக்குக்குள் வருமா என்பதில் வழக்காட இடம் இருக்கிறது. அதனால்தான் பெரிய ஓட்டல்கள் உரிமம் வாங்கி வா என்று கட்டாயப்படுத்துகின்றன. நான் வழக்கறிஞன் இல்லை. மண்டபக்காரரிடம் இதைப் பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பாட்டுப் பட்டியலைத் தங்கையே எழுதிக் கொடுக்கட்டும். கட்டாயம் வேண்டும் என்று 15 பாட்டு, வேண்டவே வேண்டாம் என்று ஒரு பட்டியல். 45 நிமிடத்துக்கு அதற்கு மேல் இடமில்லை, டிஜே தன் கண்ணால் கூட்டத்தைப் பார்த்துப் போடவும் கொஞ்சம் இடம் விட வேண்டும். வேண்டாம் பட்டியலில் முதல் வரியாகச் சாதிப் பெருமைப் பாட்டு எதுவும் கூடாது என்று எழுதுங்கள். யாராவது ஒரு மாமனோ மச்சானோ டிஜே மேசைக்கு வந்து கேட்பார்கள், ஒரே பாட்டில் மண்டபம் இரண்டாகப் பிரிந்துவிடும். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று காட்ட டிஜேயிடம் ஒரு தாள் இருந்தால் அவருக்கும் தப்பிக்க வழி உண்டு. ஆட்டத்தை எண்பதுகளின் பாட்டில் தொடங்கச் சொல்லுங்கள். அப்போது அத்தைகளும் மாமாக்களும் கிளம்பாமல் இருப்பார்கள், முதல் பத்து நிமிடம் அவர்களுடையது. நான் பார்த்தவரை ஒரு பெரியம்மா வந்து இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டால் அதற்கப்புறம் என்ன பாட்டு போட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதைவிட நன்றாக வேலை செய்வது பறை. நான்கைந்து பேர் கொண்ட பறைக் குழுவை 15 நிமிடம் வாசிக்க வைத்து அதிலிருந்து டிஜேக்குப் போனால் எல்லா வயதும் காலை அசைக்கும். மைக் பிடிக்கிறவரிடம் ஒரே ஒரு நிபந்தனை: ஆட விருப்பமில்லாதவரை, குறிப்பாகப் பொண்ணை, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது.

போட்டோ பூத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. 1925இல் அனடோல் ஜோசெஃபோ என்பவர் நியூயார்க்கின் பிராட்வேயில் வைத்த முதல் தானியங்கிக் கூண்டில் 25 சென்ட் போட்டால் எட்டுப் படம் கொண்ட ஒரு பட்டை வெளியே வருமாம். கையில் உடனே ஒரு படம் கிடைக்கிற அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இன்றைக்கும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மேடையில் எடுத்த படம் ஆல்பமாகிப் பொண்ணு வீட்டு அலமாரிக்குள் போய்விடும், வந்தவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பூத்தில் எடுத்த படம் வந்தவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அதனால் பூத், 360 இரண்டில் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் அச்சுப் படம் கொடுக்கும் பூத்தைத்தான் எடுப்பேன்.

அதற்கும் கணக்கு இருக்கிறது. இப்போது பூத்துகளில் பரவலாக ஓடுவது டை சப்ளிமேஷன் பிரிண்டர். மஞ்சள், மெஜந்தா, சயான் நிறங்களைச் சூட்டால் தாளில் ஏற்றி மேலே ஒரு பாதுகாப்புப் படலமும் போடும், அதனால் படம் ஈரமில்லாமல் வரும், உடனே கையில் வாங்கலாம். பலரும் வைத்திருக்கும் டிஎன்பி ஆர்எக்ஸ்1 மாடலில் 4க்கு 6 அளவுப் படம் 12, 13 நொடியில் வந்துவிடும், ஒரு ரோலில் 700 படம். ஆனால் நேரம் போவது அச்சடிப்பதில் அல்ல. எட்டுப் பேர் கூடி, குழந்தையைத் தூக்கி, மாமாவைத் தேடிக் கூட்டிவந்து நிற்க ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். மணிக்கு 30, 35 குழு. மூன்று மணி நேரத்தில் நூறு குழு, குழுவுக்கு நான்கு பிரதி என்றால் 400 படம். ஒரு ரோலிலேயே முடிந்துவிடும். ஆகவே "அன்லிமிடெட் பிரிண்ட்" என்ற வார்த்தைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். குழுவில் எத்தனை பேரோ அத்தனை பிரதி கொடுப்பார்களா என்று கேளுங்கள். ஒரே பிரதி கொடுத்தால் அண்ணன் தம்பிக்குள்ளேயே யாருக்கு என்று வந்துவிடும்.

360 மேடை ஒரு சுற்றுக்கு ஏறி இறங்கிப் படம் போனுக்கு வர மூன்று நிமிடம் பிடிக்கும், ஒரு தடவைக்கு மூன்று நான்கு பேர்தான் நிற்க முடியும். மூன்று மணி நேரத்தில் 240 பேரைத் தாண்டாது. சுற்றுகிற கைக்குச் சுற்றிலும் பத்தடி இடமாவது வேண்டும், கயிறு கட்டி ஓர் ஆள் நிற்க வேண்டும். ஓடி வருகிற குழந்தையின் முகத்து உயரத்தில்தான் அந்தக் கை சுற்றும். பட்டுப்புடவையோடு உயரமான வட்டத்தில் ஏறி நிற்கப் பெரியவர்களுக்குத் தயக்கம். நண்பர்கள் கூட்டம் அதிகம் என்றால் அவர்களுக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. உங்கள் 800 பேரில் பெரும்பாலானவர்களுக்கு அது வேடிக்கை பார்க்கிற பொருளாகத்தான் இருக்கும்.

பூத்தை எங்கே வைப்பது என்பது எந்த மாடல் என்பதைவிட முக்கியம். மேடை வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வரிசையும் பின்னிக்கொள்ளும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் வைத்தால் பசியோடு போகிறவர் நிற்க மாட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வருகிற வழியில், பீடாவும் ஐஸ்கிரீமும் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வயிறு நிறைந்து, அவசரமில்லாமல், கூடவே சொந்தபந்தமும் நிற்கிற இடம் அதுதான். அப்புறம் அந்தக் கலர் தொப்பிகள், பெரிய கண்ணாடிகள். தலை நிறைய மல்லிகை வைத்திருக்கிற பெண்கள் தொப்பி போட மாட்டார்கள். கையில் பிடிக்கிற சின்ன அட்டைகளில் "பொண்ணு வீடு", "மாப்பிள்ளை வீடு", "சித்தி கூட்டம்", "பங்காளிகள்" என்று எழுதி வைத்துப் பாருங்கள், அட்டைக்குச் சண்டையே வரும். படத்தின் அடியில் பெயரும் தேதியும் தமிழில் வேண்டும் என்றால் டிசைனை ஒரு வாரம் முன்பே வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும், "கொ" என்பது சிதறிக் கிடக்கும். அத்தனை படத்திலும் அதே பிழை போகும். பின்திரையில் மின்னுகிற சீக்வின் துணி வேண்டாம், பட்டுச் சரிகையின் மினுக்கோடு சேர்ந்து முகம் தெரியாது. ஒரே நிறத் துணியோ வாழை, மாவிலைத் தோரணமோ போதும்.

படங்களைப் போனுக்கு அனுப்ப வாட்ஸ்அப் எண் வாங்குவார்கள், இல்லாவிட்டால் ஸ்கேன் செய்தால் எல்லாப் படமும் தெரிகிற பக்கம் ஒன்று வைப்பார்கள். உங்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் ஆடுகிற வீடியோ அந்த நிறுவனத்தின் விளம்பர ரீலாக மறுவாரம் வந்து நிற்கலாம். அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது, எண்களை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். நல்ல ஆட்கள் தயங்காமல் எழுதிக் கொடுப்பார்கள்.

கோல்டு பைரோவை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். பெயரில்தான் குளிர்ச்சி. டைட்டானியம் போன்ற உலோகத் துகளைச் சூடாக்கிப் பொறியாக வீசுகிற கருவி அது. விழுகிற பொறி ஆறிவிடும் என்றாலும் வாய்ப்பக்கம் கடுமையான சூடு, பக்கத்தில் செயற்கைத் துணி அலங்காரமும் பஞ்சும் பிளாஸ்டிக் பூவும் இருந்தால் தீப்பிடிக்க வழி உண்டு. 2023 செப்டம்பரில் ஈராக்கின் கராக்கோஷ் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கொளுத்திய வாணவேடிக்கையால் தீப்பற்றி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தலில் பற்றிய தீயில் மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் எந்தப் பந்தலுக்குள் விளக்குக்கு ஒயர் இழுத்தாலும் அந்த நாள் ஞாபகத்துக்கு வராமல் இருந்ததில்லை. ஓலைப் பந்தல் இப்போது குறைந்துவிட்டது, ஆனால் அதன் இடத்துக்கு வந்திருக்கிற துணியும் தெர்மகோலும் எளிதில் பற்றும். புகை மெஷினும் அப்படித்தான் யோசித்து வைக்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ள பெரியவர்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. மண்டபத்தில் 62.5 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால் அது 50 கிலோவாட் அளவுதான் தாங்கும், அதில் ஏசியே பெரும்பகுதியைத் தின்றுவிடும். எல்இடி திரையும் மேடை விளக்கும் சவுண்டும் சேர்ந்து எவ்வளவு என்று ஈவென்ட்காரரும் மண்டப எலக்ட்ரீஷியனும் ஒரு தடவை நேரில் பேசட்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்தச் சில நொடியில் கன்சோல் அணைந்தால் திரும்ப எழ நேரம் பிடிக்கும். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் செட்டிலேயே இது நடந்தது. பொண்ணு வாசலில் கால் வைத்த நேரம், இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை, அந்தப் பிள்ளை அப்படியே நின்றாள். கன்சோலுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டிருந்தால் நடந்திருக்காது. இப்போது யூபிஎஸ் இல்லாமல் நாங்கள் வண்டி ஏற்றுவதில்லை.

தை மாத முகூர்த்த நாளில் ஒரே நிறுவனம் மூன்று மண்டபத்தில் வேலை எடுத்திருக்கும். உங்களிடம் பேசினவர் வேறு இடத்தில் இருப்பார், உங்களுக்கு வருவது முந்தின மாதம் சேர்ந்த பையனாக இருக்கலாம். வரப்போகிற டிஜே, சவுண்ட் ஆள், பூத் ஆபரேட்டர் மூவரின் பெயரையும் எழுதி வாங்குங்கள். மாலை 4 மணிக்குள் எல்லாம் கட்டி முடித்து ஒலிச் சோதனை நடக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் உரிமை யார் ஒருவருக்கு என்பதையும் குறிப்பிடுங்கள். அப்பா ஒரு பக்கம் குறை என்பார், நண்பர்கள் ஒரு பக்கம் ஏற்று என்பார்கள், நடுவில் கன்சோலில் இருக்கும் பையன் திணறுவான். அண்ணனான நீங்களே அந்த ஒருவராக இருந்தால் நல்லது.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். வாசலில் நாதஸ்வரம், உள்ளே நான்கு மணி நேரச் சவுண்ட், மேடை வரிசை முடியும் வரை வீணை, புல்லாங்குழல் மாதிரி மெல்லிய இசை, 9.15க்குப் பறை, பின்னாலேயே டிஜே, சரியாகப் பத்துக்கு நிறுத்தம். பீடாக் கடை பக்கத்தில் ஒரு அச்சுப் பூத், 7.30 முதல் 10.30 வரை. அதற்குச் சத்தம் தேவையில்லை என்பதால் பாட்டு நின்ற பிறகும் ஓடலாம், கடைசிப் பந்தியில் சாப்பிட்டு வருகிறவர்களுக்கும் படம் கிடைக்கும். 360ஐயும் பைரோவையும் எடுத்துவிட்டால் மிச்சமாகும் காசில் டிலே ஸ்பீக்கரும் நல்ல சவுண்ட் ஆளும் வந்துவிடுவார்கள். தங்கைக்கு 45 நிமிடம் போதாது என்றால் அழைப்பிதழ் அச்சாகும் முன்பே ரிசப்ஷனை ஆறு மணிக்கு மாற்றுங்கள், அரை மணி நேரம் கூடக் கிடைக்கும். மண்டபத்தின் நீள அகலம், மேடையிலிருந்து கடைசி நாற்காலி வரை எத்தனை அடி, சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம், மொய் மேசை எங்கே என்று அளந்து எழுதுங்கள். ஸ்பீக்கரை எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று நான் வரைந்து தருகிறேன்.